பாட்டிலை அனுப்பாதீர்கள், பதிவேட்டைக் கேளுங்கள்

வாசகி கேட்கிறார்: டாலஸ் நகரின் புறநகரில் வசிக்கிறோம். வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி நகராட்சிப் பூங்காவில் ஒரு ஸ்பிளாஷ் பேட் (குழந்தைகள் நனைந்து விளையாட, தரையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும் திடல்) இருக்கிறது. மகனுக்கு 6 வயது, மகளுக்கு 3. கோடை முழுவதும் அங்கேதான் இருந்தார்கள். சென்ற மாதம் ஒருநாள் போய் வந்து 6 நாள் கழித்து மகளுக்குத் தண்ணீராகப் பேதி தொடங்கி 9 நாள் நீடித்தது. மருத்துவர் வைரஸ் என்றார். இப்போது நான்கு நாளாகச் சரியாக இருக்கிறாள். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார், "தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது, அதில் என்ன வந்துவிடப் போகிறது?" என்கிறார். கணவர் சோதனைத் தாள் வாங்கி வந்து முக்கிப் பார்த்தார். குளோரின் இருப்பதாகக் காட்டியது. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துத் தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பலாமா? எந்தச் சோதனை செய்தால் பயமில்லாமல் குழந்தைகளை அனுப்பலாம்?

அன்புள்ள வாசகிக்கு,

ஆய்வகத்துக்குச் செலவு செய்யாதீர்கள். அந்தப் பாட்டில் உங்களுக்கு எதையும் சொல்லாது. மாறாக, தவறான தைரியத்தைக் கொடுத்துவிடும்.

நீச்சல் குளத்துத் தண்ணீரைக் கிருமிச் சோதனைக்கு எடுக்கும்போது சுகாதார ஆய்வாளர்களான நாங்கள் பயன்படுத்தும் பாட்டிலின் அடியில் சிட்டிகை அளவு வெள்ளைப் பொடி இருக்கும். சோடியம் தயோசல்பேட் என்று பெயர். குளோரினை அந்த நொடியே முறித்துவிடும். அது இல்லாத பாட்டிலில் பிடித்தால், தண்ணீர் காரில் போகும் வழியெல்லாம் குளோரின் தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும். குழந்தைகள் வாயில் போனபோது இருந்த கிருமி, ஆய்வக மேசைக்கு வரும்போது இருக்காது. சரியான பாட்டிலிலேயே பிடித்தாலும், ஆய்வகம் பெரும்பாலும் பார்ப்பது கோலிஃபார்ம், ஈ கோலை என்ற பாக்டீரியாக்களைத்தான். முடிவு வர ஒரு நாள் ஆகும். அதற்குள் பூங்காத் தொட்டியில் இருப்பது வேறு தண்ணீர். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் மகளின் நோயைப் பற்றி எனக்கு இருக்கும் சந்தேகம் சரியென்றால், அதற்குக் காரணமான கிருமியை அந்தச் சோதனை தேடவே தேடாது.

நான் இந்தத் தொழிலை மதுரைப் பக்கம் ஒரு நகராட்சிக் குடிநீர் ஆய்வகத்தில் தொடங்கினேன். தெருக்கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்து, குளோரோஸ்கோப் பெட்டியின் சிறு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஆர்த்தோடாலிடின் சில சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும். அதைப் பக்கத்திலுள்ள நிற அட்டையோடு ஒப்பிட்டு 0.2 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு தண்ணீரில் 0.2 பங்கு) குளோரின் இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் அன்றைக்கு அந்தத் தெருவைப் பற்றிக் கவலையில்லை. பிறகு டெக்சாஸ் வந்து பல ஆண்டுகள் பொதுச் சுகாதார ஆய்வாளராக நீச்சல் குளங்களுக்கும் ஸ்பிளாஷ் பேடுகளுக்கும் ஏறி இறங்கியபோதுதான் ஒன்று உறைத்தது. குடிநீர் ஒருமுறை குழாயை விட்டு வெளியே வந்தால் திரும்பிப் போவதில்லை. இந்தத் தண்ணீர் திரும்பிப் போகிறது.

ஸ்பிளாஷ் பேடில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் நகராட்சிக் குடிநீர் நேராகப் பீய்ச்சி, குழந்தை மேல் பட்டு, சாக்கடைக்குப் போய்விடும். தண்ணீர்ச் செலவு அதிகம். நோய்க் கவலை குறைவு. மற்றதில், தரையில் உள்ள சல்லடை வழியே இறங்கும் தண்ணீர் நிலத்தடித் தொட்டியில் சேர்ந்து, மணல் வடிகட்டி வழியாகப் போய், குளோரின் கலந்து, மறுபடி மேலே வரும். உங்கள் பூங்காவில் இருப்பது எந்த வகை என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அறிவிப்புப் பலகையில் 'மறுசுழற்சி நீர், குடிக்க வேண்டாம்' என்ற பொருளில் ஏதாவது எழுதியிருந்தால் இரண்டாம் வகை. பலகை இல்லையென்றால் பூங்காத் துறைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். முதல் வகை என்று பதில் வந்தால் இந்தக் கடிதத்தின் பாதியை நீங்கள் படிக்க வேண்டியதில்லை.

இரண்டாம் வகை என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

பெரிய நீச்சல் குளத்தில் லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீர் இருக்கும். ஸ்பிளாஷ் பேடின் தொட்டியில் இருப்பது அதில் ஒரு சிறு பங்கு. ஆனால் வரும் குழந்தைகளின் கூட்டம் குறைவதில்லை. அதிலும் டயப்பர் வயதுக் குழந்தைகளே அதிகம். பூங்காவில் சிறிது நேரம் உட்கார்ந்து பாருங்கள்: தரையிலிருந்து எழும் நீர்த்தாரையின் மேல் ஒரு குழந்தை அப்படியே உட்காரும், அடுத்த குழந்தை அதே தாரையில் வாயை வைக்கும். உட்கார்ந்த குழந்தையைக் கழுவிய தண்ணீர் சல்லடைக்குள் இறங்கிச் சுற்றி வந்து, வாய் வைத்த குழந்தைக்குக் கிடைக்கிறது. நடுவில் நிற்பது வடிகட்டியும் குளோரினும் மட்டுமே.

அந்தக் குளோரின் நிலையும் இங்கே மோசம். வெயில் அதைச் சிதைக்கும். தண்ணீர் காற்றில் தூவலாகச் சிதறும்போது இன்னும் கொஞ்சம் போகும். அதோடு, சிதறும் தண்ணீரிலிருந்து கரியமில வாயு வெளியேறுவதால், அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு மெல்ல ஏறும். பி.எச். 7.5இல் குளோரினில் ஏறக்குறைய பாதி வீரியமான வடிவத்தில் இருக்கும். 8ஐத் தொட்டால் கால் பங்குதான் மிஞ்சும். சோதனைத் தாளில் அதே குளோரின், அதே நிறம். வீரியம் மட்டும் பாதி. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. குளங்களுக்குச் சொல்வது குறைந்தது 1 பி.பி.எம். குளோரின், 7.0 முதல் 7.8 வரை பி.எச். என்பதற்கு இதுவே காரணம். இரண்டையும் சேர்த்துப் பார்க்காத சோதனை அரைச் சோதனை.

உங்கள் கணவரின் தாளை நான் குறை சொல்லவில்லை. வாங்கி வந்து முக்கிப் பார்த்தாரே, அதுவே பெரிது. ஆனால் தாளின் நிறக்கட்டங்கள் தாராளமானவை. குளியலறை ஈரத்தில் கிடந்த தாள் பொய்யும் சொல்லும். ஆய்வாளர்கள் டி.பி.டி. என்ற, குளோரின் பட்டால் நிறம் மாறும் மாத்திரை வைத்திருப்போம். 10 மில்லி கண்ணாடிக் குப்பியை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, கோடு வரை நிரப்பி, மாத்திரையை விரல் படாமல் தாளிலிருந்து நேராக உள்ளே தட்ட வேண்டும். குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பு பூக்கும். ஒருமுறை ஒரு சிறுநகர ஸ்பிளாஷ் பேடில் நிறமே வரவில்லை. அங்கிருந்த இளைஞன் குளோரின் டப்பாவைத் தூக்கிவிட்டான். எனக்கு மூக்கில் ஏதோ உறுத்தியது. "இரு தம்பி" என்று சொல்லி, அதே தண்ணீரில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீர் கலந்து மறுபடி பார்த்தேன். பளிச்சென்று சிவந்தது. குளோரின் இல்லாததால் நிறம் வராமல் போகவில்லை. அளவுக்கு மீறி இருந்ததால் அது சாயத்தையே வெளுக்கச் செய்திருந்தது. அவன் டப்பாவைக் கவிழ்த்திருந்தால் அன்றைக்கு நிறைய குழந்தைகள் கண்ணெரிச்சலோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

மாமியாரின் பளிங்குத் தண்ணீருக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி உண்மை. கலங்கிய தண்ணீர் என்றால் குழந்தையை உடனே வெளியே இழுத்துவிட வேண்டும். ஆனால் தெளிந்த தண்ணீர் என்பதால் எதுவும் உறுதியாகிவிடாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி 4 முதல் 6 மைக்ரான் அளவு. கண்ணுக்குத் தெரிய வழியே இல்லை. மணல் வடிகட்டியின் இடுக்கில் அது சாவகாசமாக நுழைந்து போகும். தடித்த ஓட்டுக்குள் இருப்பதால் குளோரினும் அதை எளிதில் தொடாது. 1 பி.பி.எம். குளோரினில் ஈ கோலையின் கொடிய வகை ஒரு நிமிடத்துக்குள் சாகும். கிரிப்டோவுக்கு அதே தண்ணீரில் 15,300 நிமிடம் வேண்டும், அதாவது பத்தரை நாளுக்கு மேல். உங்கள் கணவரின் தாள் 'குளோரின் இருக்கிறது' என்று சொன்னது முழு உண்மையாகவே இருக்கலாம். அதே தண்ணீரில் கிரிப்டோவும் இருந்திருக்கலாம்.

இது நான் பயமுறுத்தச் சொல்லும் கதை இல்லை. 1997இல் மினசோட்டா உயிரியல் பூங்காவின் நீரூற்றில் விளையாடியவர்களில் 369 பேருக்குக் கிரிப்டோ வந்தது. அங்கும் தண்ணீர் மணல் வடிகட்டி வழியாகப் போய்க் குளோரின் கலந்துதான் திரும்பி வந்தது. 2005இல் நியூயார்க் மாநிலத்தின் செனகா ஏரிப் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றார்கள். 1997 முதல் 2022 வரை ஸ்பிளாஷ் பேடுகளால் பரவியதாக சி.டி.சி.க்கு வந்த நோய்ப் பரவல்கள் 60. பாதிக்கப்பட்டோர் 10,611 பேர். அதில் 40 பரவல்களும் 9,622 பேரும் கிரிப்டோவின் கணக்கில் வருகிறார்கள். கால் நூற்றாண்டில், இவ்வளவு பெரிய நாட்டில் என்று பார்த்தால் இது சிறிய எண்தான். ஆனாலும் பதிவானவை மட்டுமே இவை. பேதி வந்த குழந்தைக்கெல்லாம் யார் மலச்சோதனை செய்கிறார்கள்?

கிரிப்டோவை அடக்க ஸ்பிளாஷ் பேடில் புற ஊதா விளக்கு வேண்டும். தண்ணீர் அந்த விளக்கைச் சுற்றிப் போகும்போது, ஓட்டுக்குள் இருப்பதும் பெருக முடியாமல் செயலிழக்கும். செனகாவுக்குப் பிறகு நியூயார்க் மாநிலம் அதைக் கட்டாயமாக்கியது. மற்ற மாநிலங்களின் விதி ஒரே சீராக இல்லை. தண்ணீர் தேங்கி நிற்காததால் ஸ்பிளாஷ் பேடைக் 'குளம்' என்றே கணக்கில் எடுக்காத இடங்களும் உண்டு. எனவே நகராட்சியிடம் நீங்கள் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி, "புற ஊதா விளக்கு இருக்கிறதா, எரிகிறதா?" என்பது. 'எரிகிறதா' என்பதை விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது கேள்வி, குளோரினையும் பி.எச். அளவையும் அளந்து எழுதிவைக்கும் பதிவேடு. என்னைக் கேட்டால் அதுதான் முதன்மையானது.

உங்கள் வீட்டிலிருந்து வெகுதூரம் இல்லாத ஆர்லிங்டன் நகரில் 2021 செப்டம்பரில் ஒரு சிறுவன் இறந்தான். காரணம், மூளையைத் தாக்கும் நெக்லேரியா என்ற அமீபா. நகராட்சிப் பூங்காவின் ஸ்பிளாஷ் பேடில்தான் அது வந்தது என்று சி.டி.சி. உறுதி செய்தது. பிறகு நகராட்சியே வெளியிட்ட விவரங்களை நான் பலமுறை படித்திருக்கிறேன். குழந்தை அங்கே போன மூன்று நாட்களில் இரண்டு நாட்களுக்குக் குளோரின் அளவு எழுதப்படவேயில்லை. கடைசியாகப் போவதற்கு இரண்டு நாள் முன்பு அளவு சரியாக இருந்தது. அடுத்த அளவீடு அவன் போய் வந்த மறுநாள். அப்போது குறைந்தபட்ச அளவுக்கும் கீழே விழுந்திருந்தது. குளோரின் குறைந்த நாட்களில், குளோரின் சேர்த்ததாகக் குறிப்பு இருந்தாலும், எவ்வளவு சேர்த்தார்கள், சேர்த்த பிறகு அளவு எவ்வளவு என்பது எல்லா இடத்திலும் எழுதப்படவில்லை. கருவி இருந்தது, மருந்து இருந்தது, ஆளும் இருந்தார். காலையில் திறப்பதற்கு முன் பார்த்து எழுதும் பழக்கம்தான் இல்லை.

அதே ஆண்டு ஜூனில் கான்சஸ் மாநிலத்தில் ஒரு விலங்குப் பூங்காவின் நீர்விளையாட்டுத் திடலில் ஷிகெல்லா என்ற பாக்டீரியாவும் நோரோ வைரஸும் பரவின, இரண்டுமே பேதி தருபவை. ஆராய்ந்தபோது, தண்ணீர் இரவில் சுற்றாமல் தொட்டியிலேயே கிடந்திருக்கிறது. குளோரினைத் தானாக அளந்து சேர்க்கும் கருவியும் இல்லை. குளோரினுக்கு எளிதில் மடியும் கிருமிகள் அவை. ஒழுங்காகக் குளோரின் ஓடியிருந்தால் அந்தப் பரவலைத் தடுத்திருக்கலாம்.

ஆகவே பதிவேட்டை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். ஒரு பக்கத்தில் தேதி, நேரம், குளோரின், பி.எச்., எழுதியவர் கையொப்பம் ஆகியவை இருக்க வேண்டும். எண்கள் ஏறி இறங்க வேண்டும். காலையில் 3, கூட்டம் வந்த பிற்பகலில் 1.6, அடுத்த நாள் 2.4 என்று இருந்தால் எனக்கு நிம்மதி; யாரோ உண்மையாக அளந்திருக்கிறார். ஒருமுறை ஒரு நகரத்தின் பதிவேட்டில் மாதம் முழுவதும் 2.0, 2.0, 2.0. பேனா மைகூட மாறவில்லை. நடுவில் இடிமழையால் பூங்காவையே மூடிவைத்த நாளுக்கும் 2.0 எழுதியிருந்தது. ஒரே இருக்கையில் உட்கார்ந்து முப்பது நாளையும் நிரப்பியிருக்கிறார் புண்ணியவான். அதோடு, எண் குறைந்த நாளில் என்ன செய்தார்கள் என்பதைத் தேடுங்கள். '0.6, மூடப்பட்டது, மருந்து இவ்வளவு, 40 நிமிடம் கழித்து 2.2, திறக்கப்பட்டது' என்று ஒரு வரி இருந்தால் அந்தப் பூங்காவுக்கு என் பேத்தியை நான் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புவேன். குறைவே இல்லாத பதிவேட்டைவிடக் குறையை எழுதிய பதிவேடு நம்பத்தக்கது.

பெரும்பாலான இடங்களில் காலையில் போய் மரியாதையாகக் கேட்டால் காட்டிவிடுவார்கள். தயங்கினால் டெக்சாஸில் பொதுத் தகவல் சட்டம் இருக்கிறது. நம் ஊர்த் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு அண்ணன் மாதிரி. நகராட்சியின் இணையதளத்திலேயே மனு போடலாம். கடந்த இரண்டு மாதப் பதிவேட்டின் நகல், கடைசிச் சுகாதார ஆய்வு அறிக்கை என்று இரண்டை மட்டும் கேளுங்கள்.

இனி உங்கள் மகள். நான் மருத்துவர் இல்லை. பார்க்காத குழந்தைக்கு நோய்ப்பெயர் சூட்ட மாட்டேன். ஆனால் நோரோ வைரஸ் என்றால் ஓரிரு நாளில் தொடங்கி, ஒன்றிலிருந்து மூன்று நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆறு நாள் கழித்துத் தொடங்கி ஒன்பது நாள் நீர்ப்பேதி என்பது கிரிப்டோவின் நடையோடு பொருந்துகிறது. அது தொற்றி 2 முதல் 10 நாளில் தலைகாட்டும். ஒன்று இரண்டு வாரம் இருக்கும். பூங்காவிலிருந்துதான் வந்தது என்றும் சொல்லிவிட முடியாது, குழந்தைகள் காப்பகத்திலும் இது நன்றாகப் பரவும். வழக்கமான மலச்சோதனையில் கிரிப்டோவைப் பார்க்க மாட்டார்கள். பெயர் சொல்லிக் கேட்டால்தான் பார்ப்பார்கள். மறுபடி பேதி வந்தாலோ, மகனுக்குத் தொடங்கினாலோ மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். உறுதியானால் அது சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோய். உங்கள் ஒருவரின் சோதனையால் அந்தப் பூங்காவின் தொட்டியை யாராவது திறந்து பார்க்கக்கூடும்.

சொல்லக் கஷ்டமான ஒன்றும் இருக்கிறது. உங்கள் மகளிடமிருந்து பூங்காவுக்குப் போகக்கூடியதைப் பற்றியும் நான் கவலைப்பட வேண்டியிருக்கிறது. பேதி நின்ற பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஒட்டுண்ணி மலத்தில் வெளியேறலாம். ஓட்டுக்குள் இருக்கும் இந்த ஒட்டுண்ணிகளில் பத்து உள்ளே போனாலே இன்னொரு குழந்தைக்கு நோய் வரப் போதும். நான்கு நாள் ஆயிற்று என்கிறீர்கள். இன்னும் பத்து நாள் அவள் எந்தப் பொதுத் தண்ணீரிலும் இறங்கக் கூடாது. அழுவாள், அழட்டும். அதுவரை வீட்டில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஆல்கஹால் திரவம் கிரிப்டோவை ஒன்றும் செய்யாது. கொல்லையில் தோட்டக் குழாயைத் திறந்துவிட்டால் அவளுக்கு அதுவே ஸ்பிளாஷ் பேட். டெக்சாஸ் வெயிலில் குழாய்க்குள் கிடக்கும் தண்ணீர் சுடும், முதலில் கொஞ்சம் ஓடவிட்டு, கையில் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு கொடுங்கள்.

ஆர்லிங்டனைப் படித்தவுடன் உங்கள் மனம் அமீபாவுக்கு ஓடியிருக்கும். 2024இலும் 2025இலும் கேரளத்திலிருந்து வந்த செய்திகளை மாமியாரும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார். அது வந்தால் பிழைப்பது அரிது. ஆனால் வருவதும் மிக அரிது, அமெரிக்கா முழுவதிலும் ஆண்டுக்குப் பத்துக்கும் குறைவு. குடித்தால் வராது, மூக்கின் வழியே மேலேறினால்தான் ஆபத்து. தாரையின் மேல் முகத்தைக் குனிந்து வைக்காதே என்று சொல்லிவைத்தால் போதும். நான் தினமும் பயப்படுவது அதற்கில்லை, டயப்பருக்கு. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை விட்டு வெளியே அழைத்து வந்து, கழிப்பறையில் மாற்றுங்கள். நீச்சல் டயப்பர் கெட்டியானதைத்தான் பிடித்து வைக்கும், பேதியை நிறுத்தாது.

இடத்துக்குப் போனதும் மூக்கையும் நம்புங்கள். 'குளோரின் வாடை தூக்கலாக இருக்கிறது, நல்ல சுத்தம்' என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வாடை பெரும்பாலும் வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து செலவழிந்துபோன குளோரினுடையது. நன்றாகப் பராமரிக்கும் இடத்தில் வாடை அதிகம் இருக்காது. தாளை முக்குவதென்றால் தரையில் தேங்கிய நீரில் முக்காமல், தாரையிலிருந்து ஒரு டம்ளரில் பிடித்து முக்குங்கள். குளோரின் 1க்குக் கீழே, அல்லது பி.எச். 7.8க்கு மேலே என்று காட்டினால் அன்றைக்குத் திரும்பிவிடுங்கள். சரியாகக் காட்டினால், அந்த நிமிடத்துக்குச் சரி என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்து நாள் கழித்துப் போகும்போது காலையில், திறந்த உடனே போங்கள். கூட்டம் வந்து குளோரினைத் தின்பதற்கு முன்பான நேரம் அது. பதிவேட்டோடு வரும் ஆளையும் அப்போதுதான் பிடிக்க முடியும். பக்கத்தைப் படம் எடுக்க அவர் சம்மதித்தால் எனக்கு அனுப்புங்கள். எண்களைப் பார்த்துவிட்டு என்ன தோன்றுகிறது என்று எழுதுகிறேன்.